கண் சொன்னதும் மனம் கண்டதும்

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவன் என்பதால், அறிவியலாக ஏதாவது பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கரும்பலகை கிடையாது, சமன்பாடும் கூடாது என்று இரண்டு நிபந்தனை வேறு. அதனால் எல்லாருக்கும் பொதுவான ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கண் ஏமாறுவது எப்படி என்பதுதான் அது. கண் ஏமாறுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் ஏமாறுவது கண்ணா, அதற்குப் பின்னால் இருக்கும் மனமா? இதற்கு உதாரணம் தேடி நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்திலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை

உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். கட்டைவிரல் இரண்டையும் நிமிர்த்தி ஒட்டினாற்போல் வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் பாருங்கள். பார்வை அங்கேயே இருக்கட்டும். இப்போது வலது கட்டைவிரலை மெல்ல வலது பக்கமாக நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகப் போனதும் அந்த நகம் காணாமல் போய்விடும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் திரும்பி வந்துவிடும். என்ன, சிரிப்புச் சத்தம் கேட்கிறது! அப்படியானால் வந்துவிட்டது என்று அர்த்தம். மலரில் இதைப் படிப்பவர்களும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை செய்து பாருங்கள்.

காரணம் எளிமையானது. கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அங்கே விழும் ஒளியை நரம்புகள் மூளைக்குச் சேதியாகக் கொண்டுபோகின்றன. அந்த நரம்புகளெல்லாம் ஒன்றாகத் திரண்டு கண்ணைவிட்டு வெளியேற ஓர் இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அதைக் குருட்டுப் புள்ளி என்கிறோம். 17-ஆம் நூற்றாண்டில் மரியோத் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதுவரை இப்படி ஓர் ஓட்டை இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

விரல் மறைந்தது பெரிய ஆச்சரியமில்லை. விரல் இருந்த இடத்தில் என்ன தெரிந்தது என்று கவனித்தீர்களா? கறுப்பாக ஒரு பொத்தல் தெரிந்ததா? தெரியவில்லை. பின்னால் சுவர் இருந்தால் சுவரின் நிறம், எதிரில் ஒருவர் புடவை இருந்தால் புடவையின் நிறம். பக்கத்தில் இருப்பதைப் பார்த்து மனம் அந்த ஓட்டையைத் தைத்து மூடிவிடுகிறது. ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் தைக்கிற கெட்டிக்காரத் தையல்காரர் நம் மனம்.

இன்னொன்றும் உண்டு. கையை நீட்டினால் கட்டைவிரல் எவ்வளவு அகலம் தெரிகிறதோ, ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் நம் பார்வை மிகக் கூர்மையாக இருக்கிறது. அதைச் சுற்றி உள்ளதெல்லாம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் இந்த மண்டபம் முழுவதும் எனக்குப் பளிச்சென்று தெரிவதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கண் அங்கங்கே தாவித் தாவிப் பொறுக்கி வந்த துண்டுகளை வைத்து மனம் ஒரு முழுப் படம் செய்து கொடுக்கிறது. ஆக, நாம் பார்ப்பது என்று சொல்வதில் ஒரு பங்கு ஊகம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

கானலும் நிலவும்

மே மாதத்து மத்தியானத்தில் நம் நெடுஞ்சாலையில் திருச்சிப் பக்கம் போனால், தூரத்தில் தார் ரோட்டின் மேல் தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் தெரியும். கிட்டப் போனால் இருக்காது. கானல் நீர் என்கிறோம். பழந்தமிழில் இதற்குப் பேய்த்தேர் என்று ஒரு அழகான பெயர் உண்டு. பிடிக்கப் போனால் ஓடுகிற தேர்!

ரோட்டை ஒட்டிய காற்று சூடாகி அடர்த்தி குறைந்துவிடுகிறது. வானத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி அந்தச் சூடான காற்றில் வளைந்து, மேல்நோக்கி நம் கண்ணுக்கு வருகிறது. அதாவது நாம் ரோட்டில் பார்ப்பது வானத்தை. இதில் கண் பொய் சொல்லவில்லை. ஒளி நிஜமாகவே அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. போட்டோ எடுத்தால் அதிலும் விழும். ரோட்டில் வானம் கிடக்காது, தண்ணீர்தான் கிடக்கும் என்று முடிவு கட்டியது மனம்.

இப்போது பௌர்ணமி நிலவை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக் காட்டுக்கு அப்பால் அடிவானத்தில் கிளம்பும்போது தாம்பாளம் மாதிரி இருக்கிறது. அதே நிலவு நள்ளிரவில் உச்சிக்கு வந்ததும் சிறுத்துவிடுகிறது. அடிவானத்தில் கிட்டத்தில் இருக்கிறது போல என்று நினைக்கத் தோன்றும். கணக்கு நேர்மாறானது. நிலவு சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது உச்சியில் இருக்கும்போதுதான் நமக்குக் கொஞ்சம் கிட்டே. அடிவானத்தில் இருக்கும்போது பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது 6,400 கிலோமீட்டர் வரை, தள்ளி இருக்கிறது. ஆகவே கிளம்பும் நிலவு ஒரு மயிரிழை சிறியதாகத்தான் தெரிய வேண்டும்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு பச்சைப் பட்டாணியை எடுத்துக் கையை நீட்டிப் பிடியுங்கள். ஒரு கண்ணால் பாருங்கள். கிளம்பும் நிலவையும் அது மறைக்கும், உச்சி நிலவையும் மறைக்கும். அல்லது காகிதத்தைக் குழல்போல் சுருட்டி அதன் வழியாகப் பாருங்கள். மரம், வீடு, வயல் எல்லாம் மறைந்து நிலவு மட்டும் தெரியும்போது தாம்பாளம் சுருங்கிவிடும். குனிந்து கால்களுக்கு இடையே தலைகீழாகப் பார்த்தாலும் சிறுத்துத் தெரியும் என்று சொல்வார்கள். அதை மட்டும் அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்! செல்போன் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ரொம்பச் சுலபம். பெரிய நிலவு என்று ஆசையாகப் படம் எடுத்திருப்பீர்கள். படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் இருந்திருக்கும்.

கானல் போட்டோவில் விழுகிறது. பெரிய நிலவு விழுவதில்லை. முதலாவதைச் செய்தது காற்று. இரண்டாவதைச் செய்தது மனம். இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவர் இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர். எகிப்தில் கெய்ரோவில் இருந்துகொண்டு ஒளியைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். ஏறக்குறைய நம் ராசேந்திர சோழன் காலம். இங்கே கங்கைகொண்ட சோழபுரத்தில் விமானம் எழும்பிய அதே தலைமுறையில், அங்கே ஒருவர் நிலவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் மரமும் வயலும் இருப்பதால் மனம் நிலவை ரொம்பத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறது, அவ்வளவு தூரத்திலும் இவ்வளவு தெரிகிறதே, ரொம்பப் பெரிசாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது என்றார். இந்த விவாதம் இன்றைக்கும் முழுசாக முடிந்துவிடவில்லை. ஆனால் காரணத்தை வானத்தில் தேடாமல் மனத்தில் தேட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பணியாரச் சட்டியும் கல்லில் பதிந்த சிப்பியும்

வீட்டில் குழிப்பணியாரச் சட்டி இருக்கும். சன்னல் வெளிச்சம் சட்டியின் மேல் விளிம்புப் பக்கமிருந்து விழும்படி வைத்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். குழிகள் குழிகளாகவே தெரியும். அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். பெரும்பாலானவர்களுக்குக் குழிகள் எல்லாம் மேடாகி, பணியாரமே உப்பி நிற்கிற மாதிரி தெரியும்.

ஏன்? வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. கோடானுகோடி வருஷமாகச் சூரியன் மேலேதான் இருக்கிறது. மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் மேட்டின் மேல்பக்கம் பளிச்சென்றும் கீழ்ப்பக்கம் நிழலாகவும் இருக்கும். குழியில் இது மாறியிருக்கும். மேல்பக்கம் வெளிச்சம், கீழ்ப்பக்கம் நிழல் என்றால் மேடு என்று மனம் ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிடுகிறது. இதை வட்ட வட்டமான படங்களை வைத்துச் சோதித்து, 1988-ல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் உலகப் புகழ் பெற்ற நரம்பியல் அறிஞர். நம் தமிழ்நாட்டுக்காரர்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் காரை, குளக்காநத்தம் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல். ஓடையில் இறங்கினால் சிப்பி, சங்கு, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட் இவையெல்லாம் கல்லாகக் கிடக்கும். சில இடங்களில் சிப்பியே மேடாக நிற்கும். சில இடங்களில் சிப்பி கரைந்து போய் அதன் அச்சு மட்டும் குழியாக இருக்கும். போட்டோவில் பார்த்தால் எது மேடு, எது அச்சு என்று குழம்பிவிடும். அதனால்தான் புதைபடிவங்களைப் படம் எடுக்கிறவர்கள் இடது மேல் மூலையிலிருந்து வெளிச்சம் விழும்படி வைப்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். மனம் இன்ன மாதிரிதான் ஊகிக்கும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி விளக்கை வைக்கிறார்கள். ஏமாற்றத்தைப் புரிந்துகொண்டவன் அதையே வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறான்.

நம் சிற்பிகளும் அப்படித்தான். கொள்ளிடம் தாண்டி, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம் போயிருப்பீர்கள். இரண்டாம் ராசராசன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஐராவதேசுவரர் கோயில். அங்கே ரிஷப குஞ்சரம் என்று ஒரு சிற்பம். யானையும் காளையும் எதிர் எதிரே நிற்கின்றன. தலை ஒன்றுதான். கையால் காளையின் உடம்பை மறைத்தால் யானை. யானையின் உடம்பை மறைத்தால் காளை. ஒருவருக்கு யானையின் தலையாகத் தெரிவது மற்றவருக்குக் காளையின் தலையாகத் தெரியும். கல்லில் எந்த மாற்றமும் இல்லை. மனம்தான் கட்சி மாறுகிறது. இதே வகையில் வாத்தும் முயலும் ஒன்றாகத் தெரியும் ஒரு படத்தை 1899-ல் ஜாஸ்ட்ரோ என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். உலகத்துப் பாடப் புத்தகங்களில் எல்லாம் அதுதான் இருக்கிறது. தாராசுரத்துக் காளை அதற்கு எழுநூறு வருஷம் மூத்தது.

அந்தச் சிற்பத்தின் முன்னால் இரண்டு பேர் நின்று, ஒருவர் யானை என்றும் ஒருவர் காளை என்றும் சண்டை போட்டால் யார் பக்கம் தீர்ப்புச் சொல்வீர்கள்? இருவரும் பார்த்தது உண்மைதான். இடம் மாறி நின்று பார்த்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

முட்டையா, கல்லா?

இதுவரை சொன்னது கண்ணுக்கு முன்னால் இருப்பதை மனம் எப்படி மாற்றிக் காட்டுகிறது என்பது. இனி, மனத்தில் முன்கூட்டியே இருப்பது கண்ணை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்போம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கேள்விப்படாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். காலையிலோ மாலையிலோ போய்ப் பாருங்கள். நன்றாக நீளமாக விழும். உச்சி வேளையில் நிழல் குட்டையாகி, அகலமான அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதைச் சுற்றி வந்த கதைதான் இது. நிழலைத் தாண்டி நடந்து போனவர்களே நிழல் விழாது என்று வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள். காது கேட்டதைக் கண் மறுக்கத் துணியவில்லை.

2020-ஆம் ஆண்டு அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மண் எடுத்த இடத்தில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று சேதி பரவியது. செல்போனில் படம் பறந்தது. ஜனங்கள் கூடிவிட்டார்கள். நிலவியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். அவை முட்டை இல்லை. பழங்கடலின் அடியில் ஓர் அம்மோனைட்டையோ வேறு உயிரின் மிச்சத்தையோ நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சேறும் தாதுக்களும் படிந்து இறுகி உருண்டையான கற்கள் என்று விளக்கினார்கள். லட்டுக்கு நடுவில் முந்திரி இருக்கிற மாதிரி.

ஜனங்களைக் குறை சொல்ல வேண்டாம். 2009-ல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்து, பேப்பரிலெல்லாம் பெரிசாக வந்தது. ஆகவே உருண்டையாக ஏதாவது கிடைத்தால் முட்டை என்று நினைக்க மனத்துக்குக் காரணம் இருந்தது. ஊகம் தப்பில்லை. ஊகத்தோடு நின்றுவிட்டதுதான் தப்பு. முட்டை என்றால் மெல்லிய ஓடு இருக்க வேண்டும், கூடாகச் சேர்ந்து இருக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பார்வைக்குப் பெயர்தான் அறிவியல்.

சாத்தனூர்க் கல்மரத்தைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், கிளை முறிந்த தழும்போடு, 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் சாய்ந்து கிடக்கிறது. கண் மரம் என்கிறது. தொட்டால் கை கல் என்கிறது. ரெண்டும் சரிதான். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே வளர்ந்த மரம் கடல் சேற்றில் புதைந்து, மரத்தின் உட்பொருள் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்கா குடியேறி, மரத்தின் வடிவம் மாறாமல் கல்லாகிவிட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் இதைப் பற்றி எழுதி உலகத்துக்குத் தெரிவித்தார். ஆடுமாடு மேய்க்கிறவர்கள் அதற்கு முன்னால் எத்தனை தலைமுறையாக அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறினார்களோ!

இதற்கு எதிர்க்கதையும் நம் மண்ணிலேயே இருக்கிறது. அரியலூர் மாவட்டம் கள்ளமேட்டுப் பக்கம் கிடைத்த பெரும் எலும்புகளை வைத்து, 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியல் அறிஞர்கள் புதிய டைனோசர் ஒன்றுக்குப் 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிரம்மாண்ட உடம்பு கொண்ட பல்லி என்று அர்த்தம். கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். முதலில் அதை ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். பின்னால் வந்தவர்கள், இல்லை, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்றார்கள். வேறு சிலர், அது எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். சரி, எடுத்துப் பார்த்துவிடலாமே என்றால் முடியாது. அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. 2022-ல் பழைய புகைப்படங்களை வெளியிட்டு, அது தாவர உண்ணி டைனோசரின் எலும்புதான் என்று கட்டுரை எழுதினார்கள். இருந்தாலும் படத்தை வைத்துத்தான் பேச முடிகிறது. பொருளை வைத்துப் பேச முடியவில்லை. உலகத்திலேயே மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக் கூடியது நம் ஊரில் நடமாடியிருக்கிறது. அதை இரண்டாவது தடவை பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது.

திரும்பிப் பார்க்க நேரமில்லாத இடம்

கல்லைத் திரும்பப் பார்க்கலாம். நிலவை நாளைக்கும் பார்க்கலாம். இரண்டாவது தடவை பார்க்க அவகாசம் தராத ஓர் இடம் இருக்கிறது. அதுதான் ரோடு. இன்று படிக்கும் பிள்ளைகளுக்காகவே இந்தப் பகுதியை வைத்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் பைக்கில் வருகிறீர்கள். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் போகிற ரோடு நம்முடையது. அந்த ரோட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, பெரிய பொருள் மெதுவாக வருவதுபோல் தோன்றும். கொசு பறப்பது வேகமாகவும், ஆகாயவிமானம் இறங்குவது சாவகாசமாகவும் தெரிகிறது அல்லவா? 1985-ல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், ரயில்வே கேட்டில் ஜனங்கள் ஏன் ரயில் வருவதைப் பார்த்த பிறகும் குறுக்கே போகிறார்கள் என்று யோசித்து இதை எழுதினார். பின்னால் நடந்த சோதனைகளும் இதை ஆதரித்தன. லாரி உருளுகிறது, தாண்டிவிடலாம் என்று உங்கள் மனம் சொன்னால், லாரியின் வேகத்தை அது குறைத்துத்தான் சொல்லியிருக்கும்.

இரண்டு, ராத்திரியில் தூரத்தைக் காட்டுவது விளக்கு மட்டும்தான். இரண்டு விளக்கும் நெருங்கித் தெரிந்தால் வண்டி தூரத்தில் இருக்கிறது, விலகித் தெரிந்தால் கிட்டத்தில் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஒற்றை விளக்கு எரியாமல் வரும் லாரியை அது மோட்டார் சைக்கிள் என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பக்கத்து விளக்கு எரிகிறது என்றும் தெரியாது. பைக் பக்கத்தில் புகுந்துவிடலாம் என்று போகிற இடத்தில் லாரியின் மற்ற பாதி இருக்கும்.

மூன்று, பழகிய வேகம். நாற்கரச் சாலையில் அரைமணி நேரம் 90-ல் வந்தவன், அரியலூர் ரோட்டில் திரும்பி 60-க்குக் குறைத்தால், நடந்து போவது மாதிரி இருக்கும். ஓடும் காட்சிக்குப் பழகிப்போன கண், குறைந்த வேகத்தை இன்னும் குறைத்துக் காட்டுகிறது. அந்த நேரத்தில் மனத்தைக் கேட்காதீர்கள். ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பாருங்கள்.

இந்த மூன்றிலும் ஒரு பொதுத் தன்மை இருக்கிறது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்த விஷயம் தெரிந்தவராகவே இருந்தாலும், தோற்றம் மாறாது. நிலவின் அளவு எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அடுத்த பௌர்ணமிக்கும் எனக்கு அது தாம்பாளமாகத்தான் தெரியும். தெரிந்துகொண்டதால் கண் திருந்துவதில்லை. நம் நடத்தையைத்தான் திருத்திக்கொள்ள முடியும். திரும்பிப் பார்க்க நேரம் இல்லாத இடத்தில் ஒரே வழிதான். லாரி போகட்டும் என்று நில்லுங்கள். பத்து நொடிதான் ஆகும்.

முடிவாக

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழியைப் பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள் அடிக்கடி சொல்வார்கள். நான் ஒரு சின்னத் திருத்தம் சொல்கிறேன். கண் அவ்வளவு மோசமில்லை. ஊகம் செய்யாத மனம் இருந்தால் நாம் ஒரு தெருவைக் கூடக் கடக்க முடியாது, ஒரு முகத்தைக் கூட அடையாளம் காண முடியாது. முதல் பார்வையில் மனம் கொடுப்பது ஒரு நல்ல ஊகம். அதை ஊகம் என்றே வைத்துக்கொண்டு, வெளிச்சத்தை மாற்றி, இடத்தை மாற்றி, தொட்டு, அளந்து, பக்கத்தில் இருப்பவரையும் கேட்டு, இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பழமொழியில் 'தீர விசாரிப்பது' என்று சொன்னது இதைத்தான். மனுஷர்களைப் பற்றிய அபிப்பிராயத்துக்கும் இது பொருந்தும். ஒருவரை ஒரு தடவை பார்த்துவிட்டு இவர் இப்படித்தான் என்று முத்திரை குத்துகிறோமே, அதுவும் பணியாரச் சட்டியைத் தலைகீழாகப் பார்த்த கதையாக இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓடையில், குவாரி ஓரத்தில், வயல் வரப்பில் வித்தியாசமான கல் கிடைத்தால் உடைக்காதீர்கள், விற்காதீர்கள். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, நிலவியல் தெரிந்த ஆசிரியரிடம் சொல்லுங்கள். வாரணவாசியில் இதற்கென்றே புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. நம் சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து எத்தனையோ சிப்பியும் அம்மோனைட்டும் சிமெண்டாகிப் போய்க்கொண்டிருக்கின்றன. போகிறதை எல்லாம் நம்மால் நிறுத்த முடியாது. கண்ணில் படுவதையாவது, இன்னொருவர் இன்னொரு தடவை பார்ப்பதற்காக வைத்துவிட்டுப் போகலாம்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒன்று. வருஷத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு பஸ் ஏற்பாடு செய்து, இன்றைய மாணவர்களைச் சாத்தனூருக்கும் காரைக்கும் வாரணவாசிக்கும் அழைத்துப் போங்கள். வசதி இருந்தால் தாராசுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தலையைச் சுற்றி நின்று யானை என்றும் காளை என்றும் அவர்கள் வாதாடட்டும். பிறகு இடம் மாறி நின்று பார்க்கச் சொல்லுங்கள். நாற்பது நிமிஷம் நான் பேசியதைவிட அது நன்றாகப் புரிய வைக்கும்.